அமெரிக்கருக்கும் ஓர் ஊர்க்காரர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளைகுடா என்றால் உங்கள் பத்திரிகையில் பெரும்பாலும் இரண்டே செய்திதான். ஒன்று, ஏஜென்ட்டிடம் பணம் கட்டி ஏமாந்த கதை. இன்னொன்று, விமான நிலையத்தில் யாரோ எங்கேயோ ஒளித்துக் கொண்டுவந்த தங்கம். இரண்டும் நடப்பதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் போன மாதம் வாசகர் கடிதத்தில் ஒருவர் மூன்றாவதாக ஒன்றை ஆரம்பித்து வைத்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து இறங்கினாலே ராஜ மரியாதையாம், வீடு, கார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் தட்டில் வைத்து நீட்டுகிறார்களாம், நம்மவர்கள்தான் நாயாய் அலைகிறார்களாம். அதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எதிர் ஃபிளாட் கதவைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் "இதுக்கு நீங்க ஒரு பதில் எழுதியே ஆகணும்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 2005 முதல் அபுதாபியில் இருக்கிறேன், கணக்கு எழுதுகிற வேலை. எங்கள் எதிர் ஃபிளாட்டில் 2022 ஆகஸ்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம் குடிவந்தது. ஒஹையோ மாநிலத்துக்காரர்கள். அந்த அம்மா பள்ளி ஆசிரியை, வேலை கிடைத்தது அவருக்குத்தான். கணவர் ஊரில் வீடு கட்டும் கான்ட்ராக்டரிடம் மேற்பார்வை வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு வந்தார். 12 வயதில் ஒரு பெண், 7 வயதில் ஒரு பையன்.

முதலில் அந்த வாசகர் சொன்னதில் எது சரியோ அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன், இல்லையென்றால் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று அடுத்த வாரம் இன்னொருவர் எழுதுவார். பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் பேசுகிற வழக்கம் இங்கே உண்டு. ஒரே வேலை, ஒரே நாற்காலி, ஆனால் சம்பளச் சீட்டு வேறு, இதைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. டிரைவிங் லைசென்ஸ் விஷயம் அதைவிடப் பட்டவர்த்தனம். எதிர் வீட்டுக்காரர் அமெரிக்க லைசென்ஸைக் கொடுத்து, கண் பரிசோதனை செய்து, பணத்தைக் கட்டி, ஒரே நாள் காலையில் இந்த ஊர் லைசென்ஸோடு வந்து நின்றார். இந்திய லைசென்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊரில் 6 வருஷம் கார் ஓட்டியவன் நான், இங்கே வகுப்புக்குப் போய், பார்க்கிங் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று 3 தடவை ஃபெயிலாகி, 4-வது தடவை தேறினேன். அந்த 3 தடவையும் கட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். குடும்ப விசாவும் அப்படித்தான். மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்க இடமும் இருந்தால்தான் மனைவி மக்களை அழைத்துவர முடியும். கம்பெனி பஸ்ஸில் கேம்புக்கும் சைட்டுக்கும் போய்வருகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது எட்டாத உயரம். எதிர் ஃபிளாட்டில் அந்தக் கணக்கைப் பற்றி யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

ஆக, மரியாதையில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டைக் குடும்பமாக நடத்துவதற்கு மரியாதை போதாது சார்.

அவர்கள் வந்த மறுநாள் இரவு 9 மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அந்த மனிதர், முகமெல்லாம் சிவந்து, தோளில் ஈரத்துண்டோடு நிற்கிறார். பையனைக் குளிப்பாட்டப் போனாராம், குழாயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருகிறது, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் அப்படியே, கட்டடத்தில் ஏதோ பழுது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். உள்ளே போய் அவர் வீட்டு பாத்ரூம் ஹீட்டரை அணைத்தேன். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்கள், அப்புறம் சிவப்புக் குழாயைத் திறங்கள்" என்றேன். ஏதோ மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விஷயம் ரொம்பச் சாதாரணம். ஆகஸ்ட் வெயிலில் மொட்டைமாடித் தொட்டி கொதித்துக் கிடக்கும், அங்கிருந்து நேராக இறங்குகிற நீலக் குழாயில் வெந்நீர்தான் வரும். ஹீட்டர் தொட்டி பாத்ரூமுக்குள், ஏசி குளிர்ச்சியில் இருக்கிறது, சுவிட்சைப் போடாமல் விட்டால் அதில் நிற்கிற தண்ணீர் ஆறிவிடும். ஆக, ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே சிவப்புக் குழாயில் குளிர்ந்த தண்ணீர், நீலக் குழாயில் வெந்நீர். இதை எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுப்பதில்லை. எனக்கு 2005-ல் சொன்னவர் எங்கள் தாலுகாக்காரர் ஒருவர், ரூமில் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவர்.

இந்த இடத்தில்தான் அந்த வாசகரோடு எனக்கு வழக்கு. நாம் இந்த ஊருக்கு வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் வருகிறோம், ஆனால் ஆளோடு வருகிறோம். என்னை ஏர்போர்ட்டில் கூப்பிட வந்தவர் என் அத்தை வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. மறுநாள் காலையிலேயே எந்த டைப்பிங் சென்டரில் ஃபாரம் ஒழுங்காக அடிப்பார்கள், எந்த பக்காலாவில் (மளிகைக் கடையில்) கணக்கு வைத்துக்கொள்ளலாம், விசா மெடிக்கலுக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, எந்த டாக்ஸிக்காரரிடம் ஹிந்தி பேசலாம், எல்லாம் தெரிந்துவிட்டது. எமிரேட்ஸில் இந்தியர்கள் 35 லட்சத்துக்கும் மேல். தடுக்கி விழுந்தால் ஒரு மலையாளி தூக்கிவிடுவார், எழுந்து நின்றால் ஒரு தமிழர் டீ வாங்கித் தருவார். இவர்களுக்கு என்ன இருந்தது தெரியுமா? இடமாற்ற உதவி என்று கம்பெனி ஏற்பாடு செய்த ஒருவர், மெயிலில் 40 பக்கத்தில் ஒரு கையேடு அனுப்பினார். அதில் பாலைவன சஃபாரி பற்றி 3 பக்கம் இருந்தது. ஹீட்டர் பற்றி ஒரு வரி இல்லை.

பேப்பர் வேலைக்கு வருகிறேன். அட்டஸ்டேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கெல்லாம் காய்ச்சல் வரும், அமெரிக்கருக்கு அதெல்லாம் இருக்காது என்று நானும்தான் நினைத்திருந்தேன். அவர்களுக்கும் நம்மைப் போலவே படி படியாக ஏற வேண்டும்! திருமணச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ, முதலில் அதைக் கொடுத்த மாநில அரசின் முத்திரை, பிறகு வாஷிங்டனில் வெளியுறவுத் துறை முத்திரை, பிறகு அங்கேயே எமிரேட்ஸ் தூதரக முத்திரை, கடைசியில் இங்கே வெளியுறவு அமைச்சகம். அப்போஸ்டில் என்று ஒரே முத்திரையில் முடிந்துவிடும் என்று அந்த அம்மா நம்பியிருந்தார், எமிரேட்ஸ் அப்போது அந்த ஒப்பந்தத்தில் இல்லை. சரி, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒஹையோ தலைநகர் கொலம்பஸுக்கு அனுப்பினார்கள். பையனின் சான்றிதழ் மட்டும் திரும்பி வந்துவிட்டது. ஏனென்றால் அவன் பிறந்தது டெக்சாஸில், அப்பாவுக்கு 2 வருஷம் அங்கே வேலை இருந்த சமயம். டெக்சாஸ் தாளுக்கு டெக்சாஸ்காரர்தான் முத்திரை போட வேண்டும், அது ஆஸ்டினுக்குப் போக வேண்டும். விமான டிக்கெட் கையில் இருந்ததால் அப்படியே கிளம்பி வந்துவிட்டார்கள்.

இங்கே வந்தபின் அம்மாவுக்கு விசா அடித்தாகிவிட்டது, பெண்ணுக்கு ஆகிவிட்டது, பையனுக்கு மட்டும் பேப்பர் அமெரிக்காவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலோ எமிரேட்ஸ் ஐடி (இந்த ஊர் அடையாள அட்டை) எங்கே, எமிரேட்ஸ் ஐடி எங்கே என்று வாரம் ஒரு மெயில். விசிட்டில் வந்த நாட்கள் தீர்ந்துகொண்டே போகின்றன, தாண்டினால் அபராதம். அந்த அம்மா ஒருநாள் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதேவிட்டார். என் மனைவி சுலைமானி (பால் இல்லாத டீ) போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் தமிழில், "நம்ம பிள்ளை மாதிரியே மாட்டிக்கிச்சு பாருங்க" என்றாள். எனக்குத் தெரிந்த டைப்பிங் சென்டரில் ஒரு கண்ணூர்க்காரர் இருக்கிறார், 25 வருஷமாக இதே வேலை. அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாள்களைப் புரட்டினார், விசிட்டை எப்படி நீட்டுவது, எந்த வரிசையில் எதைப் போடுவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார், "டென்ஷன் வேண்டா மேடம்" என்றார். அந்தத் துண்டுச் சீட்டை அந்த அம்மா ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார், ரொம்ப நாள் அங்கேயே இருந்தது. கடைசி நாளுக்கு 4 நாள் முன்னால் ஆஸ்டின் வழியாக, வாஷிங்டன் வழியாகத் தாள் வந்து சேர்ந்தது.

கணவர் கதை தனி. மனைவி ஸ்பான்சர், கணவர் டிபெண்டன்ட், அதாவது அவர் விசா மனைவி பொறுப்பில். முன்பெல்லாம் ஒரு பெண் தன் கணவரை ஸ்பான்சர் செய்ய வேண்டுமென்றால் ஆசிரியை, டாக்டர் என்று குறிப்பிட்ட சில வேலைகளில் இருக்க வேண்டும், 2019-ல் அதை மாற்றி வேலையை விட்டுவிட்டுச் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். சட்டம் மாறினாலும் மனுஷன் மனசு மாற நாளாகிறது. மெடிக்கல் வரிசையில் கையைக் குத்தி ரத்தம் எடுத்து, சட்டையைக் கழற்றி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் (18 தாண்டிய எல்லோருக்கும் இது உண்டு, எந்த பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி) அவருக்கு முன்னால் ஒரு பெஷாவர்க்காரர், பின்னால் ஒரு வங்காளதேசப் பையன். பின்னால் நின்ற பையன் அவரிடம் என்ன வேலை என்று கேட்டிருக்கிறான். மனைவி விசாவில் வந்திருக்கிறேன் என்று இவர் சொல்லவும், அவன் ரொம்ப இரக்கத்தோடு, "நோ பிராப்ளம் சார், காட் கிவ்" என்று தோளில் தட்டிக் கொடுத்தானாம். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் முதல் 3, 4 மாதம் அவர் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்த கோலத்தை நான் பார்த்திருக்கிறேன், அது சிரிப்பில்லை. நம் பெண்கள் எத்தனையோ பேர் பி.இ., எம்.எஸ்சி. படித்துவிட்டு இந்த ஊரில் அப்படித்தான் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதைப் பற்றி யாரும் உங்களுக்குக் கடிதம் எழுதுவதில்லை. என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டு வாடகை இன்னொரு கூத்து. இங்கே மாதா மாதம் வாடகை கொடுக்கும் வழக்கம் குறைவு. வருஷத்துக்கு 1, 2 அல்லது 4 செக், வரப்போகிற தேதிகளைப் போட்டு மொத்தமாக முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு அது பிடிபடவே இல்லை. அமெரிக்காவில் செக்கில் எந்தத் தேதி போட்டாலும் வங்கி அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்றார். இங்கே அதெல்லாம் நடக்காது அப்பா, ஒரு காலத்தில் செக் திரும்பினால் நேரே போலீஸ் கேஸ், 2022 ஜனவரியில்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள், ஆனாலும் விளையாட்டு வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு செக் தேதியையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தார். தவ்தீக் என்கிற வாடகை ஒப்பந்தப் பதிவு, கரண்ட் இணைப்பு எல்லாம் நாத்தூர் (கட்டடக் காவல்காரர்) துணையோடு ஒரு வழியாக முடிந்தது.

வீட்டு வாசலுக்குத் தபால் வராத ஊரில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை, தபாலில் வருகிற கடிதமெல்லாம் கம்பெனியின் போஸ்ட் பாக்ஸுக்குத்தான். மேப்பில் எங்கள் பகுதிக்குப் பெயர் அல் ஜாஹியா. டாக்ஸிக்காரரிடம் அதைச் சொன்னால் முழிப்பார், டூரிஸ்ட் கிளப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார். ஃபாத்திமா பிந்த் முபாரக் தெரு என்று போர்டில் இருக்கும், வாயில் வருவது நஜ்தா. அந்தப் பெண் பிள்ளை ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தது, இடதுபக்கம் போர்டில் உள்ள பெயர், வலதுபக்கம் டாக்ஸி பெயர். நல்ல மூளை. நானே அதைப் பார்த்து ஒரு பெயர் தெரிந்துகொண்டேன்.

போன் விஷயத்தை மறந்துவிட்டேன். வந்த முதல் வாரம் பாட்டிக்கு ஐபோனில் வீடியோ கால் போட்டால் போகவில்லை, வாட்ஸ்அப்பில் போட்டாலும் மணி அடிக்கிறது, பேச்சு இல்லை. போன் கெட்டுவிட்டது என்று கடைக்கே போய்விட்டார்கள். இங்கே அந்தக் கால்களுக்கெல்லாம் தடை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் போட்டிம் (BOTIM) என்ற ஆப்பில்தானே பேசுகிறோம். நான் போட்டுக் கொடுத்தேன், ஒஹையோவில் இருந்த 78 வயதுப் பாட்டிக்கு அதை எப்படி இறக்குவது என்று போனிலேயே சொல்லிக் கொடுத்ததும் இந்தக் கணக்குப்பிள்ளைதான். நேர வித்தியாசம் கோடையில் 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி, நம்மைப் போல ஒன்றரை மணி நேரம் இல்லை. பையன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் பாட்டி தூங்கப் போவார், கன்னத்தில் பல் தேய்த்த நுரையோடு குட் நைட் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவான்.

பாட்டி என்றதும் கடிகாரம் ஞாபகம் வருகிறது, இதை எழுதாமல் விட முடியாது. பாட்டி வீட்டுச் சமையலறையில் 40 வருஷமாகத் தொங்கிய ஒரு கடிகாரம், பேட்டரி கிடையாது, பிளக்கில் சொருகி ஓடுகிறது. வெளுத்த மஞ்சள் வட்டம், 7-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை. அதைத் துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230, அது அவருக்குத் தெரியும், மனிதர் கட்டட வேலைக்காரர் ஆயிற்றே. எலக்ட்ரா ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டார். கடிகாரம் ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தார்கள். காலை 6 மணிக்கு அது 4.40 காட்டியது. பழசு, தூசி அடைத்திருக்கும் என்று கழற்றித் துடைத்து மறுபடி வைத்தார், மறுநாளும் அதே 4.40. மூன்றாம் நாள் ஏசி பார்க்க வந்த திருச்சூர் எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "சைக்கிள் வேற சார்." அங்கே கரண்ட் விநாடிக்கு 60 சுற்று, இங்கே 50. அந்தக் கடிகாரம் சுற்றை எண்ணித்தான் ஓடுகிறது, 60 எண்ண வேண்டிய இடத்தில் 50 எண்ணினால் மணிக்கு 10 நிமிஷம் பின்தங்கத்தான் செய்யும், டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், சுற்றை மாற்றாது. சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பையன் எந்த சைக்கிள், எங்கே சைக்கிள் என்று வாசலுக்கு ஓடினான். கடிகாரம் இப்போதும் அங்கேதான் தொங்குகிறது, பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

சமையலறையிலேயே இன்னொன்று. நவம்பர் கடைசியில் அவர்களுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, வான்கோழியை முழுசாகச் சுட வேண்டும். இங்கே அன்றைக்கு வேலைநாள், வியாழக்கிழமை. பள்ளி முடிந்து வந்து அந்த அம்மா ஓவனைத் திருகிக்கொண்டு நிற்கிறார், சமையல் குறிப்பில் 350 டிகிரி என்று இருக்கிறது, இந்த அடுப்பிலோ 250-க்கு மேல் எண்ணே இல்லை. அவர்கள் கணக்கு ஃபாரன்ஹீட், நம் கணக்கு செல்சியஸ், 175 வைத்தால் போதும். அதைச் சொன்னபின்னும் வான்கோழி உள்ளே போகவில்லை, ஓவன் சின்னது. நாலாகப் பிளந்து, பாதி அவர்கள் அடுப்பிலும் பாதி எங்கள் அடுப்பிலும் வெந்தது. நாங்கள் கறி சாப்பிடாத குடும்பம் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். அடுப்பைக் கழுவிக் கொடுத்தது அவர்தான்.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது, இதைக் கேட்டால் அந்த வாசகரே பரிதாபப்படுவார். இங்கே தனிநபர் வருமான வரி கிடையாது, 2018 முதல் பொருளுக்கு 5 சதவீத வாட் உண்டு. நமக்கு இங்கே சம்பாதித்த சம்பளத்துக்கு ஊரிலும் வரி கேட்பதில்லை. அமெரிக்கர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அவர்கள் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும், குடியுரிமையைப் பார்த்து இப்படி வரி போடுவது அவர்களும் எரித்ரியாவும்தான். 2022-க்கு 1,12,000 டாலர் வரை வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு உண்டு, ஒரு ஆசிரியை சம்பளத்துக்கு அது தாராளம், ஒரு பைசா வரி வராது. ஆனால் வரி வராது என்பதை நிரூபிக்கத் தாள் தாளாக நிரப்பி அனுப்ப வேண்டும். இது போக, வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக இன்னொரு அறிக்கை. 10,000 டாலர் என்பது 36,725 திர்ஹம், 1997 முதல் விலை மாறவில்லை. வாடகை செக்குக்காக வங்கியில் பணம் சேர்த்து வைத்தாலே தாண்டிவிடும், தாண்டியது. வங்கியில் அமெரிக்கர் என்றதும் கூடுதல் ஃபாரம் நீட்டினார்கள், 2010-ல் அவர்கள் நாடே போட்ட சட்டம், உலகம் முழுக்க வங்கிகளை ஒற்றர்களாக்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நானும் அவரும் உட்கார்ந்து அந்த ஃபாரங்களைப் படித்தோம். 20 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், தலை சுற்றியது.

நல்லது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. பக்காலாவுக்கு போன் போட்டால் ஒரே ஒரு பால் பாக்கெட்டைக்கூட மாடிக்குக் கொண்டுவந்து தருவதை அந்த அம்மா இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார். பையனுக்குப் பள்ளியில் அரபி கட்டாயப் பாடம், வீட்டில் எல்லாவற்றுக்கும் "ஹலாஸ்" (முடிந்தது) என்கிறான், பக்காலாக்காரரிடம் மலையாளத்தில் எண்ணுகிறான். ரமலானில் சாயங்காலம் பீரங்கிச் சத்தம் கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று 2 நாள் பிடிவாதமாக நோன்பு இருந்தான், இடையில் எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்குத் தின்றது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு நாள் மதியம் கடற்கரைச் சாலையான கார்னிஷ் பக்கம் போனபோது அந்த மனிதர் மரத்தடியில் நீலச் சட்டையோடு வரிசையாகப் படுத்துக் கிடந்தவர்களைக் காட்டி யார் இவர்கள் என்று கேட்டார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம், அந்த நேரத்து ஓய்வு என்றேன். கட்டட வேலை தெரிந்தவர், 3 மணிக்கு மட்டும் வெயில் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை.

அபுதாபி எமிரேட்டிலேயே உள்ள அல் ஐன் நகரத்துக்கு ஒருமுறை இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோம். அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1960-ல் கென்னடி என்ற அமெரிக்க டாக்டர் தம்பதியர் வந்து ஆரம்பித்தது. அப்போது அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷேக் சயீத் அவர்களை வரவழைத்து மண் வீடு ஒன்றைக் கொடுத்தார். அதுதான் அந்த ஊரின் முதல் ஆஸ்பத்திரி. எனக்கு இது தெரியவே தெரியாது, அந்த அம்மா பள்ளியில் கேட்டுவந்து சொன்னார். கென்னடி என்ற பெயர் அரபி நாக்கில் கனத் ஆகி, 2019-ல் ஆஸ்பத்திரிக்கே கனத் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரோட்டோரம் காரை நிறுத்தி அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் கேட்டார், அந்த டாக்டர்களுக்கு யார் ஹீட்டரைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று. அவர்களுக்குக் கரண்டே இருந்திருக்காதே ஐயா என்றேன்.

இப்போது அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது, விசாவை மாற்றாமல் அதே டிபெண்டன்ட் விசாவில் வேலை பெர்மிட் போட்டுப் போகிறார். போன மாதம் எங்கள் மாடியில் கடைசி ஃபிளாட்டுக்கு மதுரைப் பக்கம் இருந்து ஒரு புதுக் குடும்பம் வந்திறங்கியது, கைக்குழந்தையோடு. நான் அன்று ஆபீஸில் கணக்கு முடித்து வர இரவு 10 ஆகிவிட்டது. சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அந்தத் தம்பி வாசலில் நிற்கிறார். "அண்ணே, நீங்க தமிழ்னு நாத்தூர் சொன்னார். இங்க ஒரு வெள்ளைக்காரர் வந்து, எங்க பாத்ரூமுக்குள்ள போய் ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு, நாளைக்கு வரைக்கும் தொடாதேன்னு சொல்லிட்டுப் போறார். ஆள் யாருண்ணே? கம்பெனிக்காரரா?"

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடம் போதாவிட்டால் வரி விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள், வான்கோழியையும் எடுத்துவிடலாம், என் அம்மா உங்கள் பத்திரிகைதான் படிக்கிறார். ஹீட்டர் விஷயத்தை மட்டும் தயவுசெய்து முழுதாகப் போடுங்கள், ஜூன் மாதம் குடும்பத்தை அழைத்துவருகிறவர்கள் யாராவது படிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
டூரிஸ்ட் கிளப் (மேப்பில் அல் ஜாஹியா), அபுதாபி